எழ மறுக்கும் கணிப்பொறி

உழைக்கும் உயிர்களுக்கெல்லாம் உறக்கம் வேண்டும். கணிப்பொறிக்கும் அது வேண்டும். ஆனால் உறங்கப்போன கணிப்பொறி கும்பகர்ணனாகிவிட்டால் என் செய்வது? லினக்ஸ் பயன்படுத்தும் நண்பர்கள் பலர் அறிந்த தொல்லை இது. மூடியைத் திறந்தால் திரை கறுத்தே கிடக்கும்.

நான் வாங்கிய பழைய மடிக்கணினிக்கும் இந்நிலை நேர்ந்தது. பழுது பார்ப்பவர், மதர்போர்டையே மாற்றவேண்டும் என்றார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். அத்தொகைக்கு வீட்டில் வழியில்லை. ஆகவே காரணத்தைத் தேடலானேன்.

உறக்கம் இருவகைப்படும். முதல் வகையில், செய்துகொண்டிருந்த வேலை ரேம் நினைவகத்தில் நிற்கும். அதற்கு மட்டும் சிறிது மின்சாரம் செல்லும். பாட்டரி தீர்ந்தால் சேமிக்காத வேலை போய்விடும். மழைக்கால மின்வெட்டில் காரைக்கால் மாணவர் இதை மறத்தலாகாது. இரண்டாம் வகையில், அனைத்தும் வட்டிலுள்ள ஸ்வாப் பகுதியில் எழுதப்பட்டு, பொறி முற்றிலும் அணைந்துவிடும். ஸ்வாப் இடம் போதாவிடில் இவ்வுறக்கம் பலிக்காது.

முதல் வகை உறக்கம் படிப்படியாக நிகழ்கிறது. முதலில் நிரல்கள் உறைகின்றன. அடுத்துச் சாதனங்களை அவற்றின் டிரைவர்கள் உறங்கவைக்கின்றன. பின்னர் பொறியின் அடிப்படை மென்பொருள் ஆயத்தமாகிறது. கூடுதல் செயலிகள் நிற்கின்றன. விழிப்பு இதன் தலைகீழ் வரிசை. இடையில் ஒரு டிரைவர் தடுமாறினாலும் கறுப்புத் திரைதான்!

சோதிப்பது எங்ஙனம்? திரை கறுத்திருக்கையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துக. விளக்கு மாறி எரிந்தால் பொறி விழித்துவிட்டது. திரையின் டிரைவர்மீதே ஐயம் கொள்ளலாம். எரியாவிடில், லினக்ஸ் கர்னலிலேயே உள்ள 'பி.எம். டெஸ்ட்' சோதனையை நாடலாம். ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், ப்ராசசர்ஸ், கோர் என அதற்கு ஐந்து நிலைகள் உண்டு. தேர்ந்த நிலைவரை மட்டும் சென்று, 5 வினாடி காத்து, பொறி திரும்பிவரும். எந்த நிலையில் முதலில் திரும்பவில்லையோ அங்கேதான் குற்றவாளி! சோதனைக்குமுன் வேலையைச் சேமித்துக்கொள்க; முடிந்தபின் 'நன்' என்று மாற்றிவிடுக.

என் பொறி டிவைசஸ் நிலையில் நின்றது. டிரைவர்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தேன். வைஃபை டிரைவரை நீக்கியதும் பொறி விழித்தது! உறங்குமுன் அதை நீக்கி, எழுந்தபின் சேர்க்கும் சிறு கட்டளைக் கோப்பு ஒன்றை எழுதிவைத்தேன். செலவு ஒரு காசுமில்லை.

பழுது என்றதும் பாகத்தை மாற்றச் சொல்வது எளிது. எந்தப் படியில் பழுது என்று கேட்பதன்றோ அறிவியல்! கேட்போம், நண்பர்களே.