தாத்தாவின் ஹெரால்டு: ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி.யைத் தேடுங்கள்

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதற்குள் தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று. உங்கள் வீட்டிலோ பெரியப்பா வீட்டிலோ அப்படி ஒன்று நிற்கிறதா? நம்ம ஊரில் இப்படி நிற்பவற்றில் அம்பாசிடரும் பியட்டும்தான் அதிகம். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இருக்கும்.

ஹெரால்டு நம்ம ஊர்க் கார். இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டை அடிப்படையாகக் கொண்டு, மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் பெருங்களத்தூர் ஆலையில் 1961 முதல் தயாரித்தது. 948 சி.சி. இன்ஜின், நான்கு சிலிண்டர். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கலோட்டி. முதலில் இரண்டு கதவுகளோடு வந்தது, பின்னாளில் நான்கு கதவு மாடலும் வந்தது. 1971-ல் தயாரிப்பு நின்றுபோனது. அதனால் இன்று எந்தக் கொட்டகையில் எந்த ஹெரால்டு நின்றாலும் அதற்கு 50 வயது தாண்டியிருக்கும். இந்த 50 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

வீட்டிலேயே வேலை பார்க்க இதைவிட வசதியான கார் கிடைப்பது கஷ்டம். முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினைப் பார்க்கலாம். இப்போதைய கார்களில் பாடியும் சேசிஸும் ஒன்றாகவே இருக்கும். ஹெரால்டில் சேசிஸ் தனி, பாடி தனி. பாடியும் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு மாட்டியது, கூரையைக்கூடக் கழற்றி எடுத்துவிடலாம். வசதி இதுதான், ஆபத்தும் இதுதான். கழற்றுவது சுலபம் என்பதாலேயே "இதைத் தூக்கிட்டு வேற போடலாமே" என்ற எண்ணம் சீக்கிரம் வந்துவிடும்.

முதல் வேலை காகிதத்தில்

பலர் இன்ஜினில் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் பீரோவில் ஆரம்பியுங்கள். பழைய ஆர்.சி. புத்தகம், வரி கட்டிய சீட்டு, இன்ஷூரன்ஸ் காகிதம் என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டியில் எண் இருக்கும் தகட்டையும் பொறித்த இடத்தையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, போட்டோ எடுத்துவிடுங்கள். டிங்கரிங் பட்டறையில் கிரைண்டர் ஓடியபின் அந்த எண் அழிந்து போயிருந்தால் எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் ஆய்வில் வண்டி நிற்காது.

ஆர்.சி. காணாமல் போயிருந்தால் காவல்துறையிடம் காணாமல் போனதற்கான சான்று பெற்று, படிவம் 26-ல் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய பதிவு என்றால் அது கணினியில் ஏறாமலே இருக்கலாம். அந்த நிலையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி செய்யச் சொல்லிக் கேளுங்கள். பழைய பதிவேட்டில் உள்ள விவரத்தை வாகன் தளத்தில் ஏற்றுவதுதான் அது. அது முடியாமல் ஆன்லைனில் வேறு எந்தச் சேவையும் நகராது.

அடுத்தது பெயர். வண்டி இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது, தாத்தா காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை. வாகன உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் தகவல் சொல்லி, 3 மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்துவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு போங்கள். தாமதத்துக்கான தொகை கட்ட வேண்டியிருக்கலாம். வாரிசுச் சான்றிதழுக்கு உங்கள் ஊர் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம், வட்டாட்சியர் வழங்குவார். அத்தை, சித்தப்பா எல்லாரிடமும் கையெழுத்து வாங்குவதை வண்டி பளபளப்பான பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். பழைய இரும்பாகக் கிடக்கும்போது யாரும் கேட்காத பங்கு, பெயின்ட் அடித்தவுடன் ஞாபகத்துக்கு வரும்!

பழைய ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் அதையும் கவனியுங்கள். கடன் எப்போதோ முடிந்திருந்தாலும், படிவம் 35 கொடுத்து அந்தக் குறிப்பை நீக்கினால்தான் அடுத்த வேலை நடக்கும்.

வின்டேஜா, சாதாரணப் பதிவா?

இனி அந்த 50-க்கு வருவோம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வாகனங்களுக்கெனத் தனிப் பிரிவு சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை வின்டேஜ் என்று பதியலாம். ஒரு நிபந்தனை உண்டு. சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. விண்ணப்பம் படிவம் 20-ல். இன்ஷூரன்ஸும் பழைய ஆர்.சி.யும் இணைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 60 நாளுக்குள் சான்று தர வேண்டும் என்கிறது விதி. புதிதாக வின்டேஜ் பதிவு பெற 20,000 ரூபாய், பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும்.

ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். 'எம்.எஸ்.' என்றோ 'எம்.டி.' என்றோ தொடங்கும் அந்த மெட்ராஸ் காலத்து எண் இன்றும் உங்கள் வண்டியில் இருக்க முடியும். பழைய வண்டிப் பிரியர்கள் பலருக்கு வண்டியில் பாதி மதிப்பு அந்தத் தகட்டில்தான். புதிதாக எண் பெறும் வண்டிகளுக்கு மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும்.

ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு. வின்டேஜ் பதிவு பெற்ற வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது, வாடகைக்கும் விட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கும், அவற்றுக்குப் போய்வரவும் மட்டுமே சாலையில் இறக்கலாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கவும் அதே காரில் போக வேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால் வின்டேஜ் உங்களுக்கு ஒத்துவராது. சாதாரணப் பதிவையே படிவம் 25 மூலம் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால் விண்ணப்பிக்கும் அன்று பரிவாகன் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களைக் கேட்டால், முதல் சில ஆண்டுகள் சாதாரணப் பதிவில் ஓட்டிப் பாருங்கள் என்போம். ஓடாத வண்டி மறுபடி கெட்டுப்போகும். வின்டேஜுக்கு மாறும் வாய்ப்பு பிறகும் இருக்கும். வண்டியின் மூலப் பாகங்களை நீங்கள் தொலைக்காமல் இருந்தால் போதும்.

எதை மாற்றலாம்?

"பழைய இன்ஜின் எதுக்கு சார், ஆம்னி இன்ஜினும் கியர்பாக்ஸும் வச்சிரலாம். ஏ.சி.யும் போட்டுக்கலாம், மைலேஜும் கிடைக்கும்." பட்டறைக்குப் போன முதல் நாளே இப்படி ஒரு யோசனை கேட்க நேரலாம். சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த அசல் விவரத்துக்கு மாறாக ஆர்.சி.யில் உள்ள விவரம் அமையும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் தகராறு வேறு. இன்ஜின் மாறியபின் வின்டேஜ் தகுதியும் கேள்விக்குறிதான். கூரையை வெட்டிவிட்டு ஓப்பன் கார் ஆக்குவதும் இதே கதைதான். எரிபொருள் மாற்றத்துக்கு, அங்கீகாரம் பெற்ற கிட் வைத்து முன் அனுமதியோடு செய்ய, சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. ஆனால் இன்ஜினைத் தூக்கிவிட்டு மின் மோட்டார் வைத்த ஹெரால்டு வின்டேஜ் ஆகாது.

சட்டத்தை ஒரு நிமிடம் மறந்துவிட்டு வண்டியை மட்டும் பார்த்தாலும் இது நல்ல யோசனை இல்லை. ஹெரால்டின் பின் சக்கரங்கள் ஊஞ்சல் போல ஆடும் ஆக்ஸிலில் நிற்பவை, குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். வேகமாக வளைவில் போய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின் சக்கரம் உள்பக்கம் மடங்கப் பார்க்கும், வண்டி சுழன்றுவிடலாம். 948 சி.சி. இன்ஜின் தரும் வேகத்துக்கென அமைத்த வண்டியில் அதைவிட வலுவான இன்ஜினை வைப்பது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதுதான்.

அப்படியென்றால் எதையும் தொடவே கூடாதா? தொடலாம். சீட் துணி, தரை விரிப்பு, சீட் பெல்ட், கூடுதல் பியூஸ் பெட்டி, ஹெட்லைட்டுக்கு ரிலே, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிளாட்டினம் பாயின்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன் என ஆர்.சி. விவரத்தைத் தொடாத, நாளைக்கே கழற்றிப் பழையதைத் திரும்ப மாட்டக்கூடிய மாற்றங்கள் நிறைய உண்டு. நிறத்தை மாற்ற விரும்பினால் பெயின்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ளுங்கள். இன்ஜின் பிளாக் வெடித்துப் போய் அதே வகை இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தால், இன்ஜின் எண் மாறுவதால் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். கழற்றிய பழைய பாகம் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சாக்கில் கட்டி, பெயர் எழுதி வையுங்கள். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் நாள் முழுக்க அலைந்தாலும் ஹெரால்டின் கதவுக் கைப்பிடி ஒன்று கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கொட்டகைக்குள்

இன்ஜின் ஓடுகிறதா என்று பார்க்க பேட்டரியை மாட்டி உடனே சாவியைத் திருப்ப வேண்டாம். ஆண்டுக்கணக்கில் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் துரு இளக்கும் ஆயில் விட்டு, சில நாள் ஊற விடுங்கள். பிறகு முன் புல்லியின் நட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் திருப்பிப் பாருங்கள். சுற்றினால் சந்தோஷம். முறுக்கினால் பலம் காட்டாமல் இன்னும் ஊற விடுங்கள்.

பேட்டரியிலும் ஒரு கண் வேண்டும். அக்காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பாடியோடு இணைவது பாசிட்டிவ் முனை, இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறு. வயரிங்கைப் பார்க்காமல் இளம் எலெக்ட்ரீஷியன் ஒருவர் பழக்கதோஷத்தில் மாட்டினால், புதிதாக வாங்கிய ரேடியோவும் எலெக்ட்ரானிக் இக்னிஷனும் அங்கேயே காலி.

டேங்கில் கெட்டுப்போன பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட்டு கார்புரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். ரப்பர் பெட்ரோல் குழாய்கள் பார்க்க நன்றாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. பழைய ரப்பர் அதில் ஊறி விரிசல் விடும், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும். கடையில் எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள்.

இன்ஜினுக்கு முன்னால் முடிக்க வேண்டியது பிரேக். அந்தக் காலத்து பிரேக்கில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதைதான். ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நான்கும் போச்சு. மாஸ்டர் சிலிண்டர் கிட், நான்கு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், பிரேக் ஆயில் எல்லாமே புதுசு போடுங்கள், இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசியைப் பறக்க விடக் கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டிவிடுங்கள்.

துரு தேடும்போது பாடியின் பளபளப்பில் ஏமாறாமல் சேசிஸின் பக்கவாட்டுக் கைகளையும் டிக்கித் தரையையும் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் இரும்பு, 'பொத்' என்றால் துருவும் பட்டியும். கடலோர ஊர் வண்டி என்றால் இரண்டு தடவை தட்டுங்கள். வண்டிக்கு அடியில் படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, செங்கல் அடுக்கவும் கூடாது. இரும்பு ஸ்டாண்ட் வைத்த பிறகே உள்ளே போங்கள். அதேபோல, கடைசிப் பெயின்ட் வேலையை வீட்டில் செய்யாமல் பூத் உள்ள பட்டறையில் கொடுங்கள். ஹார்டனர் கலந்த பெயின்ட் புகை நுரையீரலுக்குக் கெடுதல், பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதைத்தான் சுவாசிக்கும்.

இறக்கிய பழைய ஆயிலைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். அது அபாயகரமான கழிவு, நிலத்தடி நீரில் இறங்கிவிடும். கேனில் பிடித்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம். பழைய பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.