உங்களுக்குத் தெரியுமா? ஆடாமல் விடுவதும் ஆட்டம்தான்

பழவேற்காடு ஏரியில், மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் பாடு முறையைக் கடைப்பிடிக்கும் மீனவ ஊர்களில், முறை வராதவர் அந்த இடத்தில் வலை இறக்குவதில்லை. அதை யாரும் கோழைத்தனம் என்பதில்லை. ரம்மியில் மட்டும், ஒரு சீட்டைக்கூட எடுக்காமல் ‘ஸ்கூட்’ சொல்லிக் கவிழ்ப்பவர் பயந்தாங்கொள்ளி! கணக்கு வேறு சொல்கிறது. வழக்கமான 101 புள்ளி ஆட்டத்தில் (புள்ளி என்றால் அபராதம், 101 தொட்டால் வெளியே) முதல் ஸ்கூட்டுக்கு 20, நடுவில் விட்டால் 40, ஃபுல் கவுண்டில் (அதிகபட்சக் கணக்கில்) மாட்டினால் 80. ஆறு பேர் ஆடினால் சராசரிக் கைக்கு வெற்றி வாய்ப்பு ஆறில் ஒன்று. தோற்கும் ஆட்டங்களில் சராசரியாக 24 புள்ளிக்கு மேல் வாங்குவோம் என்றாலே ஸ்கூட்தான் மலிவு. ஜோக்கரும் இல்லாமல், ஒரிஜினல் ரம்மிக்கும் (ஜோக்கர் சேராத வரிசை) வழியில்லாத கை என்றால் கேட்கவே வேண்டாம்.

விட்டுக்கொண்டே இருந்தால் ஜெயிப்பது எப்படி என்று கேட்கலாம். நியாயம்தான், ஐந்து ஸ்கூட்டில் 100 புள்ளி, ஆறாவதில் ஆளே அவுட். நல்ல கை வரும்வரை தாக்குப்பிடிக்க மட்டுமே இது உதவும். தனக்குப் பயன்படாத சீட்டையும், அடுத்தவருக்கு உதவும் என்பதால் கழிக்காமல் பிடித்துவைப்பதும் இப்படி ஆடாமல் விடும் வகைதான். 1967-இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றபோது, விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதையும், எதை வைத்து எதைக் கழிப்பது என்ற தேர்வையுமே காரணமாகக் காட்டியது. (காசு கட்டி ஆடுவதற்கு அது பாராட்டுப் பத்திரம் அல்ல.)