ஒலியும் கம்பியில்லா அலையும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழ்த்திசை எல்லை கடலாகும். பாக்கு விரிகுடாவின் அக்கரையோரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் மீமிசல். உப்பளங்களும் மீன்பிடி தொழிலும் அவ்வூர் மக்கள் நன்கறிந்தவை. அண்மையிலுள்ள கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து விசைப்படகுகள் கடலுக்குச் செல்கின்றன. அங்ஙனம் செல்லும் படகுகளில் கம்பியில்லாக் கருவியும் இடம்பெறுவதுண்டு. கரை கண்ணுக்கு மறைந்த பின்னரும் படகிலுள்ளார் பிற படகினரோடு உரையாட அது துணைசெய்கிறது. அதன் பதினாறாம் அலைவரிசை, இடருற்றோர் உதவி வேண்டி அழைப்பதற்கு உலகெங்கும் பயன்படுகிறது.

இக்கருவி திடீரென்று பேசாது நின்றுவிட்டால், கடலிற் பழகிய படகோட்டி என் செய்வான்? கருவி கெட்டது என்று உடனே முடிவு கட்டமாட்டான். மின்கலத்தில் மின்சாரம் உளதா, அலைவரிசை எண் பிறழ்ந்துள்ளதா, ஒலிக்குமிழ் குறைந்து கிடக்கிறதா, வானலை வாங்கியின் கம்பி கழன்றுள்ளதா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பான். பெரும்பாலும் இவற்றுள் ஒன்றே காரணமாக இருக்கும். இந்த ஒழுங்கான ஆராய்ச்சி கடலுக்கு மட்டும் உரியதன்று. மாணவர் கையிலுள்ள மடிக்கணினிக்கும் அது பெரிதும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயில்வோர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15 ஆம் நாள் தொடங்கப்பெற்றது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பெற்ற கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்னும் இரண்டு இயங்குதளங்கள் அமைந்திருந்தன. இவற்றுள் பாஸ் என்பது, சி-டாக் என்னும் இந்திய அரசின் ஆய்வு நிறுவனம் உருவாக்கி 2007 ஆம் ஆண்டில் வெளியிட்டது. பின்னர், 2020 ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் மடிக்கணினிகளில் பாடக் காணொளிகள் பதிவு செய்து தரப்பெற்றன. அந்நாளில் மடிக்கணினியே வகுப்பறையாயிற்று. அதன் ஒலிபெருக்கியே ஆசிரியரின் குரலாயிற்று.

மீமிசலில் அத்தகைய கணினியொன்றை வைத்துக் கற்கும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்க. மறுநாள் அவளுக்குத் தேர்வு. மாலையில் கணினியைத் திறக்கின்றாள். திரையில் ஆசிரியரின் உதடுகள் அசைகின்றன, குரல் எழவில்லை. இணையத்திலாவது பாடத்தைத் தேடலாம் என்றால், கம்பியில்லா இணைப்பும் கிடைக்கவில்லை. ‘அறந்தாங்கிக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்க்க வேண்டியதுதான்’ என்கின்றனர் வீட்டார். தந்தை ஒருநாள் தொழிலை விட்டுச் செல்லவேண்டும், செலவும் உண்டு, தேர்வோ காத்திராது. உண்மையில் கணினி பழுதுபட்டுள்ளதா, அன்றி வழியில் ஏதோ ஒரு கதவு மூடிக் கிடக்கிறதா? இதனை அறிதற்கு ஒலியும் அலையும் கடந்துவரும் வழியை முதலில் அறிதல் வேண்டும்.

ஒலி என்பது காற்றில் எழும் அதிர்வு. அது காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் தொலைவு செல்லும். நொடிக்கு 20 முதல் 20,000 முறை வரை அதிரும் ஒலியையே மனிதச் செவி உணரும். ஆனால் கணினிக்குள் காற்றதிர்வு இல்லை, எண்களே உள்ளன. ஒலியைப் பதிவு செய்யும்போது, அதன் அளவு ஒரு நொடியில் 44,100 முறையோ 48,000 முறையோ அளந்து எண்களாக்கப்படுகிறது. மீண்டும் அதனைக் கேட்க வேண்டின், அவ்வெண்கள் மின்னோட்டமாக மாற்றப்படுகின்றன, மின்னோட்டம் பெருக்கப்படுகிறது, பின்பு அது ஒலிபெருக்கியிலுள்ள கம்பிச் சுருளுட் பாய்கிறது. காந்தத்தின் நடுவேயுள்ள அச்சுருள் முன்னும் பின்னும் அசைய, அதனோடு ஒட்டிய மெல்லிய தகடும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. அதுவே செவிக்கு எட்டும் குரல்.

வாய்க்கால் நீர் வயலை அடைவதற்குள் பல மடைகளைக் கடப்பது போல, ஒலியும் பல வாயில்களைக் கடந்தே வெளிவருகிறது. காணொளியை இயக்கும் மென்பொருளுக்கு ஓர் ஒலி அளவு உண்டு. கணினி முழுமைக்கும் வேறோர் அளவு உண்டு. ஒலியை எக்கருவிக்கு அனுப்புவது என்ற தெரிவு ஒன்று உண்டு. ஒலிச்சில்லை இயக்கும் ‘இயக்கி’ என்னும் மென்பொருளும் உண்டு. தலைமடை திறந்திருப்பினும் கடைமடை மூடியிருந்தால் வயல் காயும். அதுபோலவே, இவ்வாயில்களுள் ஒன்று மூடியிருப்பினும் கணினி ஊமையாகிவிடும்.

ஆதலின் ஒலி எழாதபோது எளிய வாயிலிலிருந்து ஆராய்ச்சியைத் தொடங்குக. முதலில், காணொளிச் சாளரத்திலுள்ள ஒலிக்குறியின்மீது குறுக்குக் கோடு இடப்பட்டுள்ளதா என்று காண்க. அடுத்து, திரையின் மூலையிலுள்ள ஒலிபெருக்கிக் குறியைச் சொடுக்கி அளவை உயர்த்துக. விசைப்பலகையின் மேல்வரிசையில் ஒலியை முற்றும் அடைக்கும் விசை ஒன்று இருக்கும். அறியாமல் விரல் பட்டாலும் அது அடைத்துவிடும். பின்னர், ஒலி செல்லும் கருவியின் பெயரைப் பார்க்க. முன்பு இணைத்த புளூடூத் ஒலிபெருக்கி அடுத்த அறையில் இயங்கிக் கொண்டிருந்தால், ஒலி அங்கே செல்லும். கணினி வாய் திறவாது. தொலைக்காட்சியோடு கணினியை இணைத்துப் பழகியவர்க்கு, ஒலி தொலைக்காட்சிக்குரிய வழியிலேயே நின்றுவிடுவதும் உண்டு.

லினக்ஸ் இயங்குதளத்தில் இன்னுமொரு நுட்பம் அறியத்தக்கது. அதில் ஒலிக்கட்டுப்பாடு இரண்டு அடுக்குகளாக அமைந்திருக்கும். மேலடுக்கில் அளவு நிறைந்து காணப்பட்டாலும் கீழடுக்கில் அடைபட்டிருக்கக்கூடும். கீழடுக்கைக் காட்டுவது ‘ஆல்சாமிக்சர்’ என்னும் சிறு நிரல். அதைத் திறந்தால் ஒலிவழிகள் செங்குத்துக் கம்பங்களாகத் தோன்றும். ஒரு கம்பத்தின் அடியில் ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்து இரட்டித்து நின்றால் அவ்வழி அடைபட்டது என்பது பொருள். விசைப்பலகையில் அவ்வெழுத்தை ஒருமுறை அழுத்தினால் அடைப்பு நீங்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒலி வரவில்லையெனின், ஹெட்ஃபோன் செருகும் துளையைக் கவனிக்க வேண்டும். அதனுள் செருகி நுழைந்ததை உணர்த்தும் சிறு உலோகத் தொடுமுனை ஒன்றுண்டு. கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றும் ஈரமும் உலோகத்தை அரிக்கும் தன்மையுடையவை. அம்முனையில் களிம்போ தூசியோ படிந்தால், செருகி இல்லாதபோதும் இருப்பதாகவே கணினி மயங்கி, ஒலியைத் தன் ஒலிபெருக்கிக்கு அனுப்பாது நிறுத்திவிடும். கணினியை நிறுத்திவிட்டு, உலர்ந்த செருகியை இரண்டு மூன்று முறை மெல்லச் செருகி எடுத்தால் பலகால் இம்மயக்கம் தீரும். ஊசியோ கம்பியோ நுழைத்துக் குத்துதல் கூடாது. அது தொடுமுனையை ஒடித்துவிடும்.

இனி, கம்பியில்லா அலையின் இயல்பைக் காண்போம். ஒலியலைக்குக் காற்றோ நீரோ போன்ற ஊடகம் வேண்டும். மின்காந்த அலைக்கு அது வேண்டுவதில்லை. அது வெற்றிடத்திலும் நொடிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும். செருமானிய அறிஞர் எர்ட்சு 1888 ஆம் ஆண்டளவில் இவ்வலை உண்டென்பதைச் சோதனைகளால் மெய்ப்பித்தார். நம் நாட்டு அறிஞர் சகதீச சந்திர போசு 1895 ஆம் ஆண்டில் கல்கத்தாவில், சுவர்களை ஊடுருவிச் செல்லும் அலைகளால் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்து காட்டினார். கணினிகள் கம்பியின்றித் தம்முள் செய்தி பரிமாறுவதற்கான பொது விதிகள் 1997 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. அவ்விதிகளை ஒட்டியே ‘வைஃபை’ வளர்ந்தது.

படகிலுள்ள கருவி பதினாறாம் அலைவரிசையில் நொடிக்கு 15 கோடியே 68 லட்சம் முறை அதிரும் அலையைப் பயன்படுத்துகிறது. அவ்வலையின் நீளம் ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். வைஃபையின் ஒருவகை அலை நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்கிறது. அதன் நீளம் அரைச் சாண் அளவினது. மற்றொரு வகை ஏறத்தாழ 500 கோடி முறை அதிர்கிறது. அதன் நீளம் மூன்று விரற்கடையே. பின்னது விரைந்து செய்தி சுமக்கும். ஆனால் சுவர்களைக் கடக்கையில் மிகுதியும் வலுவிழக்கும். முன்னது விரைவிற் குறைந்ததாயினும் சற்றுத் தொலைவு செல்லும். தகரத் தடுப்பும் இரும்பு அலமாரியும் இரண்டையுமே மறிக்கும். ஆகவே, குறி மெலிந்து காணும்போது கணினியை எடுத்துக்கொண்டு நான்கடி நகர்ந்து பார்ப்பதும் ஒரு சோதனையே.

அலை வாராமைக்கும் வாயில்கள் பல உள. விமானப் பயன்முறை இயங்கிக் கொண்டிருந்தால் கணினி எல்லாக் கம்பியில்லா இணைப்பையும் துறந்து நிற்கும். லினக்ஸில் இத்தடைகளை மென்தடை, வன்தடை என இரண்டாகப் பகுக்கலாம். மென்தடை மென்பொருளால் இடப்படுவது, மென்பொருளாலேயே நீங்குவது. வன்தடை, கணினியின் ஓரத்திலோ விசைப்பலகையிலோ உள்ள பொத்தானால் இடப்படுவது. கையால் அதனை மாற்றினாலன்றி, எந்த மென்பொருளாலும் அதனை நீக்க இயலாது. வெளியே தாழிட்ட கதவை உள்ளிருந்து தள்ளிப் பயன் என்ன?

இணைப்பின் பெயர் தோன்றியும் உட்புக இயலாதபோது கடவுச்சொல்லை ஐயுறுக. ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கணினிக்கு வெவ்வேறு எழுத்துகளே. கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தால், பழைய இணைப்பை ‘மறந்துவிடு’ எனக் கட்டளையிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். சில வேளைகளில் ‘இணைந்துள்ளது, ஆயினும் இணையம் இல்லை’ என்று கணினி கூறும். இதன் பொருளை உணர்தல் இன்றியமையாதது. கணினியிலிருந்து ரூட்டர் வரை ஒரு வழி. ரூட்டரிலிருந்து இணையம் வரை மற்றொரு வழி. முன்னது திறந்துள்ளது, பின்னது அடைபட்டுள்ளது. அதே வைஃபையில் கைப்பேசி ஒன்றை இணைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். கைப்பேசிக்கும் இணையம் வாராவிடில் குற்றம் மடிக்கணினியினுடையதன்று. கைப்பேசிக்கு வந்து கணினிக்கு வாராவிடில், தேட வேண்டிய இடம் கணினியே.

இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய பின் வைஃபை முற்றிலும் மறைந்துவிட்டால், அதற்குரிய இயக்கி இல்லாமையே பெரும்பாலும் காரணமாகும். இயக்கியைப் பெற இணையம் வேண்டும். இணையம் பெற இயக்கி வேண்டும். இச்சிக்கலை அவிழ்க்கக் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு பிணைத்து, அதன் இணையத்தைச் சிறிது நேரம் கடன் வாங்கலாம்.

ஆராய்ச்சி எதுவாயினும் மூன்று நெறிகளைக் கைவிடலாகாது. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக; ஐந்தை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது தெரியாது. மாற்றியதைக் குறித்து வைக்க. பயன் தராததைப் பழைய நிலைக்கே கொணர்க. எல்லாவற்றுக்கும் முன்னர்க் கணினியை ஒருமுறை முறைப்படி நிறுத்தித் தொடங்குக. நோயையும் நோயின் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய வழி. அது உடலுக்கே அன்றிப் பொறிக்கும் ஏற்றது.

ஒலி மீண்டது என்று அளவிறந்து உயர்த்துதலும் தீதே. சிறுவர்கள் 75 டெசிபெல் அளவுக்கு மேற்பட்ட ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மிகக் கேட்டல் செவிக்கு ஊறு என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அவ்வாறே, கடவுச்சொல் இல்லாத பொது வைஃபையில் வங்கிக் கணக்கு முதலியவற்றைத் திறத்தலும் தவிர்க்கத்தக்கது.

மீமிசல் மாணவியிடம் மீண்டும் வருவோம். அவள் அழுது நேரம் போக்கவில்லை. ஒவ்வொரு வாயிலாகத் தேடினாள். ஹெட்ஃபோன் துளையில் உப்பீரம் படிந்திருந்தது. கம்பியில்லா இணைப்பின் விசை தவறுதலாக அழுந்தியிருந்தது. அரைமணி நேரத்திற்குள் ஆசிரியரின் குரல் எழுந்தது. தந்தை வழக்கம்போல் விடியலில் கடலுக்குச் சென்றார். மகள் தேர்வுக்குச் சென்றாள். உண்மையாகவே உறுப்பு உடைந்திருந்தால் பழுது பார்ப்போரை நாடத்தான் வேண்டும். ஆயினும், அங்குச் செல்லும் முன் எவ்வெவ்வாயில்கள் திறந்துள்ளன என்று சொல்லத் தெரிந்தவரை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது. பொறியைப் பெற்றிருத்தல் ஒரு பேறு; அதன் வழிகளை அறிந்திருத்தலே அதனை உண்மையில் உடைமையாக்குவது.