கருப்பையினுள் நிகழும் துப்புரவு

பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் கையை மெல்ல விரித்துப் பாருங்கள். ஐந்து விரல்களும் தனித்தனியே பிரிந்து, நகமும் ரேகையும் பொருந்தி நிற்கின்றன. கருவுற்ற ஆறாவது வாரத்தில் அந்தக் கை துடுப்பைப் போன்ற தட்டையான சதைத் துண்டாகவே இருந்தது. எட்டாவது வாரத்திற்குள் விரல்களுக்கு இடையே இருந்த உயிரணுக்கள் மடிந்து அகற்றப்பட்டன, விரல்கள் பிரிந்தன. வாத்தின் காலில் அந்த அணுக்களிற் பெரும்பாலானவை மடிவதில்லை. அதனாலேயே அதன் விரல்களை ஒரு சவ்வு இணைத்து நிற்கிறது.

வளர்ச்சி என்றால் அணுக்கள் பெருகுவது மட்டுமே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், வயது வந்த ஒருவரின் உடலில் நாள்தோறும் ஏறத்தாழ 5,000 கோடி அணுக்கள் இறக்கின்றன. கர்ப்ப காலத்தில் தாயின் கருப்பையிலும், நஞ்சுக்கொடியிலும், சேயின் உடலிலும் அணுக்கள் இடைவிடாது மடிந்துகொண்டிருக்கின்றன. அவை எவ்விதம் அகற்றப்படுகின்றன என்பதில் தாய் சேய் இருவரின் நலமும் அடங்கியிருக்கிறது.

அணுக்களின் இறப்பு இரு வகைப்படும். காயத்தாலோ நஞ்சாலோ தாக்குண்ட அணு வீங்கி வெடிக்கிறது. உள்ளிருப்பவை சிதறி அக்கம்பக்கத்தில் அழற்சியை மூட்டுகின்றன. மற்றொன்று, உடல் தானே வகுத்த ஒழுங்கின்படி நிகழும் அமைதியான இறப்பு. அணு சுருங்கி, உறை கிழியாமலேயே சிறுசிறு பொதிகளாகப் பிரிகிறது. ஸ்காட்லாந்தின் அபெர்டீன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கெர், வில்லி, கரி என்னும் மூவர் 1972இல் இதற்கு ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயரிட்டனர். அங்கே கிரேக்கமொழிப் பேராசிரியராயிருந்த ஜேம்ஸ் கார்மாக் எடுத்துக் கொடுத்த சொல் அது. மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிப்பது. நாம் ‘உதிர்தல்’ என்றே சொல்லிக்கொள்ளலாம்.

உதிர்ந்தவற்றை அள்ளுவோர் நம் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த விழுங்கணுக்கள். உருசிய அறிஞர் மெச்னிக்கோவ் 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் கண்ணாடிபோன்ற குஞ்சுகளில் ரோஜா முள்ளைச் செருகி, அதனை நகரும் அணுக்கள் சூழ்ந்துகொள்வதைக் கண்டார். 1908இல் நோபெல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். விழுங்கணுக்களைக் கிருமிகளைக் கொல்லும் போர்வீரராகவே பாடநூல்கள் வருணிக்கின்றன. ஆயினும் அவை நாள்தோறும் செய்வது பெரும்பாலும் குப்பை அள்ளும் வேலையே. அது தாழ்ந்த வேலை அன்று.

இறக்கும் அணு, அதுவரை தன் உறையின் உட்புறத்தில் மறைத்து வைத்திருந்த ஒரு கொழுப்புப் பொருளை வெளிப்புறத்தில் காட்டுகிறது. “என்னை எடுத்துக்கொள்” என்பதே அதன் பொருள். விழுங்கணு அந்த அடையாளத்தைக் கண்டு அணுவை முழுதாக விழுங்குகிறது. வியப்பு அதற்குப் பின்னரே வருகிறது: கிருமியை விழுங்கினால் அபாய அறிவிப்பு எழுப்பும் அதே விழுங்கணு, உதிர்ந்த அணுவை விழுங்கியதும் அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது.

இந்தச் சாந்தம் கருப்பையில் மிகவும் தேவை. சேயின் உடலில் பாதி தந்தையின் வழி வந்தது. தாயின் எதிர்ப்புப் படைக்கு அது அந்நியம். வேறொருவரின் தோலை ஒட்டினால் உதறித் தள்ளும் உடல், கருவை மட்டும் எவ்வாறு ஒன்பது மாதம் தாங்குகிறது என்ற வினாவை 1953இல் பீட்டர் மெடவார் எழுப்பினார். விடைகள் பல. நஞ்சுக்கொடியின் மேலணுக்கள் தந்தைவழி அடையாளங்களிற் பெரும்பாலானவற்றைக் காட்டாமல் மறைத்துவிடுகின்றன என்பது ஒன்று. ஓசையற்ற துப்புரவு மற்றொன்று.

குழந்தைக்கு உணவும் உயிர்வளியும் ஊட்டும் உறுப்பிற்கு நம் வழக்கில் ‘நஞ்சு’ என்று பெயர் வந்தது விந்தையே! அதன் அணுக்கள் கர்ப்பத்தின் முற்பாதியில் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள சுருள் தமனிகளை அடைகின்றன. குறுகிய அக்குழாய்களின் தசையணுக்களும் உட்பூச்சணுக்களும் உதிர, நஞ்சுக்கொடியின் அணுக்கள் அவ்விடத்தில் அமர்கின்றன. ஒடுங்கிய குழாய்கள் அகன்ற வாய்க்கால்களாகின்றன. நிறைமாதத்தில் நிமிடத்திற்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் கருப்பைக்குப் பாய்வது இதனாலேயே. பழைய சுவரின் இடிபாடுகளை அகற்ற விழுங்கணுக்கள் அருகிலேயே குழுமியிருக்கின்றன.

அவை தாமதித்தால்? காத்திருக்கும் பிணவணு நாளடைவில் வெடித்துவிடும். உட்பொருள்கள் சிந்தும். அப்போது விழுங்கணுக்கள் சாந்தத்தை விட்டு, அணுக்களைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கத் தொடங்கும். ஊடுருவி வரும் நஞ்சுக்கொடியணுக்கள் அதில் மடிய, தமனிகள் அகலாமல் நின்றுவிடும். இரத்தம் போதாத நஞ்சுக்கொடியிலிருந்து மேலும் சிதைவுகள் உதிர்ந்து தாயின் குருதியிற் கலக்கும். ‘பிரிஎக்ளாம்ப்சியா’ எனப்படும் கர்ப்பகால இரத்த அழுத்த நோய்க்கு இத்தகைய சுழற்சியும் ஒரு காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். ஜெர்மானிய மருத்துவர் ஷ்மோர்ல் 1893ஆம் ஆண்டிலேயே, வலிப்பு கண்டு இறந்த கர்ப்பிணிகளின் நுரையீரலில் நஞ்சுக்கொடியின் அணுக்களைக் கண்டு எழுதினார். இயல்பான கர்ப்பத்திலும் அவை ஓரளவு உதிர்வது பின்னர் தெரியவந்தது. இறந்த அணுக்களை அகற்றும் பணி குன்றிய லூபஸ் நோயுள்ள பெண்களுக்கு இவ்வாபத்து மிகுதி.

நுண்ணோக்கியின் கீழ் நிகழ்வதை எந்தத் தாயும் உணர முடியாது. ஆனால் அதன் விளைவை அளக்க முடியும். இருபதாம் வாரத்திற்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். சிறுநீரில் புரதம் உண்டா என்றும் சோதிக்கவேண்டும். “நீர் கோத்திருக்கிறது, பிள்ளை பிறந்தால் வடிந்துவிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. மாலையில் பாதம் வீங்குவது பெரும்பாலும் உண்மையிலேயே தீங்கற்றதுதான். முகமும் கைகளும் திடீரென வீங்குதல், தீராத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றின் வலப்புறத்தில் வலி ஆகியவற்றிற்கு அந்த ஆறுதல் பொருந்தாது.

முன் கர்ப்பத்தில் இந்நோய் கண்டவர்களுக்கு, மூன்றாம் நான்காம் மாதங்களிலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பதை மருத்துவர்கள் மேற்கொள்கின்றனர். தாமாகவே வாங்கி விழுங்கலாகாது. வலிப்பைத் தடுப்பதற்கு மெக்னீசியம் சல்பேட் ஊசி உண்டு. 33 நாடுகளில் 10,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியான மேக்பை ஆய்வில், அது வலிப்பைப் பாதியாகக் குறைத்தது. நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருப்பதால், குழந்தையும் அதுவும் வெளியேறிய பின்னரே நோய் தணியத் தொடங்குகிறது. எனினும் பேறு முடிந்து ஆறு வாரங்கள் வரையிலும் அது தோன்றக்கூடும். ஆதலால் குழந்தைக்குத் தடுப்பூசி போட அழைத்துச் செல்லும் நாளில், தாயின் இரத்த அழுத்தத்தையும் பார்த்துவரச் சொல்லுங்கள்.