நான்கு அங்குல உயரம்

இடுப்பு மூட்டுச் சஸ்திர சிகிச்சை என்று நிச்சயமாகிவிட்டால், எந்த ஆஸ்பத்திரி என்று ஆலோசிப்பதிலும், டாக்டரின் கைராசியை நாலு பேரிடம் விசாரிப்பதிலும், வைக்கப்போகும் மூட்டு உள்நாட்டுச் சரக்கா வெளிநாட்டுச் சரக்கா என்று கேட்டறிவதிலும், இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு மல்லுக்கட்டுவதிலும், பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நாள் பார்ப்பதிலும் குடும்பம் முழுவதும் பரபரத்துக் கிடப்பதை நாம் பார்க்கிறோம். ஆனால் அத்தனை பேரில் ஒருவராவது, வீட்டுக் கழிப்பறையிலுள்ள கம்மோடு தரையிலிருந்து எத்தனை அங்குல உயரம் என்று ஒரு டேப்பை எடுத்து அளந்து பார்த்திருப்பாரா என்றால், அது சந்தேகந்தான். டிஸ்சார்ஜ் ஆகும் தினத்தில் பிஸியோதெரபிஸ்ட் அந்தக் கேள்வியைக் கேட்கும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு ஒருவர் அவசரமாக சர்ஜிகல் கடைக்கு ஓடுகிறார். கூடத்தைப் பற்றியும் சமையலறையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசக்கூடிய நாம், கழிப்பறையைப் பற்றிப் பேச மட்டும் சங்கோசப்படுகிறவர்கள். அந்தச் சங்கோசத்துக்குச் சாதாரண காலங்களில் பெரிய தண்டனை ஒன்றும் கிடையாது. இடுப்பு மூட்டு விஷயத்தில் உண்டு.

இடுப்பு மூட்டு என்பது கிண்ணமும் பந்துமாக அமைந்த ஒரு சந்தி. தொடையெலும்பின் உச்சியில் பந்து. இடுப்பெலும்பின் பக்கவாட்டில் அதை ஏற்றுக்கொள்ளும் கிண்ணம். இரண்டையும் சுற்றி உறைபோல ஒரு தடித்த சவ்வு, அதற்கு வெளியே காவலாகத் தசைகள். தேய்ந்துபோன மூட்டை மாற்றும்போது பந்து, கிண்ணம் இரண்டுக்கும் பதிலாகச் செயற்கைப் பாகங்களை வைக்கிறார்கள். வயோதிகர் வழுக்கி விழுந்து தொடையெலும்பின் கழுத்து முறிந்துபோனால், பல சமயங்களில் பந்தை மட்டும் மாற்றுகிறார்கள். எதைச் செய்தாலும், உள்ளே போவதற்காக அந்தச் சவ்வை வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டியதைத் தைத்து மூடினாலும், அது பழைய உறுதியை அடைய வாரங்கள் பிடிக்கும். அந்த இடைக்காலத்தில், கூடாத ஒரு கோணத்தில் கால் மடங்கினால், புதுப் பந்து கிண்ணத்தை விட்டு நழுவி வெளியே வந்துவிடக்கூடும். மூட்டு நழுவல்களில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே நேர்கின்றன. நழுவினால் வேதனை பொறுக்க முடியாதது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய், மயக்கம் கொடுத்து, இழுத்துப் பொருத்த வேண்டும்.

பின்புறமாகத் திறந்து செய்யும் முறையே உலகெங்கும் பெரிதும் வழக்கத்தில் இருப்பது. அம்முறையில் சிகிச்சை பெற்றவருக்கு ஆகாத காரியங்கள் மூன்று: இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவது, காலைக் குறுக்கே போட்டுக்கொள்வது, பாதத்தை உள்நோக்கித் திருப்புவது. மூன்றும் ஒருசேர நிகழ்ந்தால் பந்து பின்பக்கமாக வெளியேறுவதற்கு வாசல் திறந்துவைத்தது போலாகும். ஒரு சராசரி மனிதன் ஒரு நாளைக்குள் இம்மூன்றையும் அறியாமலே ஒன்றாகச் செய்யக்கூடிய இடம் எது என்று யோசித்துப் பார்த்தால், தாழ்வான கம்மோடும் அதன் பக்கத்தில் தரையில் வைத்த வாளியும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பிரதேசத்திலுள்ள ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில், 1962-ஆம் வருஷம் ஜான் சார்ன்லி என்ற சஸ்திர வைத்தியர், உராய்வு குறைந்த பிளாஸ்டிக் கிண்ணத்தையும் உலோகப் பந்தையும் இணைத்து இன்றைய இடுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு அஸ்திவாரமிட்டார். தேய்மானத்தைக் குறைப்பதற்காக அவர் தெரிந்தெடுத்த பந்தின் விட்டம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர்தான். பந்து சிறியதாக இருந்தால், கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி வெளியேற அது கடக்க வேண்டிய தூரமும் சிறியது. பிற்காலத்தில் பிளாஸ்டிக்கின் தரம் உயர்ந்ததால் 32, 36 மில்லிமீட்டர் பந்துகளை வைக்க முடிந்தது. பின்புறச் சவ்வைச் செம்மையாகத் தைத்து மூடும் வழக்கமும் வேரூன்றியது. பந்துக்குள் பந்தாக இரட்டை அசைவுள்ள மூட்டுகளும் வந்தன. ஆகையால் பழைய நாட்களைவிட இப்போது நழுவல் குறைவு. முன்புறமாகத் திறந்து செய்யும் வைத்தியர்கள் சிலர், மேற்சொன்ன விலக்குகளை நோயாளிக்கு விதிப்பதையே விட்டுவிட்டார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேறு விலக்குகள் உண்டு, காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கமாகத் திருப்பக் கூடாது என்பது போல. எலும்பு முறிவுக்கு ஆணியும் தகடும் மட்டும் வைத்துக்கொண்டவருக்கோ, மூட்டு நழுவும் பயமே கிடையாது. அவருக்கு உயரமான இருக்கை தேவைப்படுவது, வலுவிழந்த தொடை எழும்ப உதவுவதற்காக. எந்தச் சிகிச்சை, எந்த வழி என்று தம் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன விதியைத் தாம் அநுஷ்டிப்பது உசிதமல்ல.

உட்காரும்போது இடுப்பு எவ்வளவு மடங்குகிறது என்பதைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். அபாயம் அதிகமாக இருப்பது எழுந்திருக்கும்போது. சாதாரணக் கம்மோடு 15 அல்லது 16 அங்குல உயரம் இருக்கும். சற்று உயரமான ஒருவர் அதில் அமர்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கும். எழ முயலும்போது, உடலின் பாரத்தைப் பாதங்களுக்கு மேலே கொண்டுவருவதற்காகத் தலையையும் மார்பையும் அவர் முன்னே தள்ளியாக வேண்டும். அந்தக் கணத்தில் தொடைக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள கோணம் 90 பாகையைத் தாண்டிக் குறுகிவிடுகிறது. இருக்கையை உயர்த்திவிட்டால் முழங்கால் இடுப்புக்குக் கீழே தங்குகிறது; முன்னே குனிய அவசியமில்லை; கைகளை ஊன்றி, முதுகு நிமிர்ந்தபடியே எழும்பிவிடலாம். கடைக்காரர்கள் கம்மோடு ரைசர் என்று சொல்லும் அந்தப் பிளாஸ்டிக் வளையம் செய்யும் காரியம் இவ்வளவுதான்.

ஆனால் உயரம் எவ்வளவு என்பதில் நம்மவர் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். 2, 4, 6 அங்குல உயரங்களில் இவை கிடைக்கின்றன. அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று 6 அங்குலத்தை வாங்கி வந்துவிடுகிறார்கள். நம் வீட்டுப் பாட்டிமார் பலர் குட்டையானவர்கள். அவர்களைக் கொண்டுபோய் 22 அங்குல உயரத்தில் உட்கார வைத்தால், பாதம் தரையைத் தொடாமல் தொங்கும். தொடையின் அடிப்பக்கம் விளிம்பில் அழுந்தி மரத்துப்போகும். இறங்கும்போது முன்னே சறுக்க நேரும். செருப்போடு நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, அதைவிட ஏறத்தாழ 2 அங்குலம் கூடுதலாக இருக்கை அமைந்தால், இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிய, இடுப்பும் மேலே நிற்கும். சிகிச்சைக்கு முன்பு, அவர் தாமாகவே நிற்கக்கூடிய நிலையில் இருக்கும்போது எடுக்கவேண்டிய அளவு இது.

வகைகளில், கம்மோடின் விளிம்பில் வைத்துப் பக்கத் திருகுகளால் இறுக்குவது ஒன்று. நான்கு கால்களோடும் இரண்டு கைப்பிடிகளோடும் கம்மோடுக்கு மேலே நிறுத்திவைக்கும் சட்டம் மற்றொன்று. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. திருகுகள் நாளடைவில் தளரும், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் வளையம் புரளும். கால்களுள்ள சட்டமோ பாரத்தைத் தரையில் இறக்குகிறது, கைகளுக்கும் ஊன்றுகோல் தருகிறது, கால்களின் நீளத்தை வேண்டியபடி கூட்டிக் குறைக்கவும் இடமளிக்கிறது. ரப்பர் முனைகள் தேயாமல் இருக்கின்றனவா என்றும், நோயாளியின் எடையைத் தாங்குவதாக உறை மேல் போட்டிருக்கிறதா என்றும் பார்த்து வாங்க வேண்டும். வளையத்தையே வாங்குவதாக இருந்தால் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி இன்றியமையாதது. துண்டு போடும் கம்பியும் குழாயும் அந்த வேலைக்கு உதவமாட்டா, பிடித்த மாத்திரத்தில் கையோடு வந்துவிடும்.

கிராமத்து வீடுகளில் குந்தி உட்காரும் கழிப்பறைதான் உண்டென்றால், அதில் ரைசரைப் பொருத்த இடமே இல்லை. கம்மோடு நாற்காலியின் அடிச்சட்டியை எடுத்துவிட்டு, அதைக் கழிப்பறைப் பீங்கானுக்கு நேராக நிறுத்திக்கொள்ளலாம். கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்தால், இரவு நேரத்துக்காவது அதே நாற்காலியைச் சட்டியோடு படுக்கையறையில் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். இருட்டில், வாக்கரைத் தள்ளிக்கொண்டு, ஈரமான கல்தளத்தில் நடப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

உட்காருகிற முறையை ஆஸ்பத்திரியிலேயே கற்றுக்கொடுப்பார்கள். கம்மோடை நெருங்கியதும் ஒரே காலை ஊன்றிச் சுழலாமல், சிறு சிறு அடிகளாக வைத்துத் திரும்பி, இருக்கையின் விளிம்பு காலின் பின்புறத்தில் படும்வரை பின்னே நகர்ந்து, சிகிச்சை நடந்த காலை முன்னே நீட்டிவிட்டு, ஒவ்வொரு கையாகக் கைப்பிடிக்கு மாற்றி, மெல்ல இறங்க வேண்டும். எழும்போதும் அந்தக் கால் முன்னேதான் இருக்க வேண்டும். கைப்பிடியை ஊன்றி நிமிர்ந்து நின்ற பிறகே வாக்கரைத் தொடவேண்டும், அதைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது நம் மேலேயே சாயும்.

வெளிநாட்டிலிருந்து வரும் அறிவுரைக் கையேடுகளும் அவற்றைப் பார்த்து எழுதப்பட்ட நம் ஊர்க் கையேடுகளும் இந்த இடத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. காகிதத்தை உபயோகிக்கும் ஜனங்களுக்காக எழுதப்பட்டவை அவை. தண்ணீரால் கழுவிக்கொள்ளும் நமக்கு அதற்குப் பிறகுதான் சிக்கலே ஆரம்பமாகிறது. ரைசர் வைத்து இருக்கை நான்கு அங்குலம் உயர்ந்தபோது, தரையிலுள்ள வாளி நான்கு அங்குலம் தாழ்ந்துபோயிற்று என்பதை யாரும் நினைப்பதில்லை. அவ்வளவு ஜாக்கிரதையாக உட்கார்ந்தவர், மக்கை எடுக்கப் பக்கவாட்டில் வளைந்து குனியும் ஒரு விநாடியில், விலக்கப்பட்ட அத்தனையையும் செய்துவிடுகிறார். ஆகவே வாளியை அசையாத ஒரு ஸ்டூலின் மேல், கை நீட்டினால் எட்டும் உயரத்தில் வைக்கவேண்டும். அதைவிடச் சிரேஷ்டமானது நீண்ட குழாயுள்ள கை ஷவர். அதன் கொக்கி பெரும்பாலும் முதுகுப் பக்கத்துச் சுவரில் இருக்கும். திரும்பிப் பார்த்து எடுக்க நேரும். பிளம்பரை அழைத்து அதை முன்னுக்கு நகர்த்துவது அரை மணி நேர வேலை. கம்மோடுக்குள்ளேயே நீர் பீய்ச்சும் அமைப்பு இருந்தால், இருக்கை உயர்ந்துவிட்டபடியால் அதன் குறி தவறக்கூடும். முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. கழுவும் விதத்தையும் பிஸியோதெரபிஸ்டிடம் வெட்கப்படாமல் கேட்டு, உடையோடு உட்கார்ந்தே ஒருமுறை செய்து பழகிக்கொள்ள வேண்டும். ஃப்ளஷ் பொத்தான் பின்னால் இருக்கிறது. உட்கார்ந்தபடி திரும்பி அதை எட்டக் கூடாது, எழுந்து அடி வைத்துத் திரும்பி அழுத்த வேண்டும். கழுவிய நீர் தரையெல்லாம் பரவும். அந்த ஈரத்தில் வாக்கரின் கால் வழுக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் யாராவது தரையைத் துடைத்துவிட வேண்டியிருக்கும்.

இன்னொரு சங்கடம் மலச்சிக்கல். குந்தி உட்காரும்போது மலக்குடலின் வளைவு நேராகி, கழிவு சுலபமாக இறங்குகிறது. உயரமான இருக்கையில் அந்த அநுகூலம் குறைகிறது. போதாக்குறைக்கு, வலிக்காகக் கொடுக்கும் சில மாத்திரைகள் குடலின் அசைவையே மந்தப்படுத்துகின்றன. படுத்தே கிடப்பதும் அதற்குத் துணைபோகிறது. இதற்கென்று, காலடியில் ஒரு சிறு ஸ்டூலைப் போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள் என்ற யோசனை இப்போது எங்கும் பரவிக் கிடக்கிறது. மூட்டு நன்றாக இருக்கிறவருக்கு அது நல்ல யோசனையாக இருக்கலாம். புது மூட்டுக்காரருக்கு அது ரைசர் கொடுத்த உயரத்தை ஒரே அடியில் பறித்துவிடும். கீரையும் பழமும் தாராளமான தண்ணீரும், தேவையானால் டாக்டர் எழுதிக்கொடுக்கும் இளக்கியுமே அவருக்கு மார்க்கம்.

கதவைத் தாழிட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொன்னால் நம் பெரியவர்களுக்குக் கோபம் வரும். ஆயுள் முழுவதும் யார் உதவியும் இல்லாமல் இந்தக் காரியத்தை முடித்துக்கொண்டவர், திடீரென்று மருமகளோ மகனோ வாசலில் காத்து நிற்க உள்ளே போவதை ஓர் அவமானமாகவே உணர்கிறார். அதனாலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார், இரவில் ஒருவரையும் எழுப்பாமல் தாமே புறப்பட்டுவிடுகிறார். கதவைச் சும்மா சாத்திவைத்து, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒருவர் இருந்துகொண்டு, ஆனால் நிமிஷத்துக்கொருமுறை “ஆச்சா?” என்று கேட்காமல் இருப்பதுதான் இதற்கு நாகரிகமான சமாதானம். சரியான உயரமும், பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடிகளும், எட்டுகிற இடத்தில் தண்ணீரும் அமைந்துவிட்டால், இரண்டாவது வாரத்திலேயே அநேகம் பேருக்கு அடுத்தவர் கை தேவைப்படுவதில்லை.

இந்த ரைசர் எத்தனை நாளைக்கு என்று எல்லோரும் கேட்பார்கள். 6 வாரம் என்பாரும் 3 மாதம் என்பாரும் வைத்தியர்களிலேயே உண்டு. அது திறந்த வழியையும் வைத்த மூட்டையும் தசையின் பலத்தையும் பொறுத்தது. நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று சோதித்த பிறகு, டாக்டர் சம்மதித்தால் எடுத்துவிடலாம். குந்தி உட்காருவதும் சம்மணமிடுவதும் வேறு விஷயம். அவற்றுக்குத் தனியே அனுமதி பெற வேண்டும், பலருக்கு அது கிடைக்காமலும் போகலாம். கழற்றிய ரைசரை அடிப்பக்கமும் திருகிடுக்குகளும் உட்படச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்துவைத்தால், உறவில் அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் கேட்டு ஆள் அனுப்புவார். கொடுக்கும்போது, அதன் உயரம் அவருடைய முழங்காலுக்குப் பொருந்துமா என்று அளந்து பார்த்த பிறகு கொடுக்கலாம்.