துளை விழாத ஹெட்

கோட்டக்குப்பத்துக்கு வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த டேப் ரெக்கார்டர்களில் நாகூர் ஹனிபா பாட்டும் மார்க்கப் பயானும் ஓயாமல் ஓடிய காலத்தில், மெக்கானிக் சொல்லும் பழுதுகளில் ஒன்று 'ஹெட் தேஞ்சு போச்சு'. டேப்பின் மேல் பூசியிருப்பது இரும்பு ஆக்சைடு. மெல்லிய உப்புத்தாள் போல அது, டேப்பைப் படிக்கும் ஹெட்டை உரசிக்கொண்டே போகும். ஹெட் செய்யப் பயன்பட்ட, நிக்கலும் இரும்பும் கலந்த பெர்மலாய் அதற்கு ஈடுகொடுக்க முடியாத மென்மையான உலோகம். அதைவிடப் பல மடங்கு கடினமான ஃபெரைட்டை டோக்கியோவில் கட்டோவும் தக்கேயும் 1930-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மின்தடை அதிகம் என்பதால் உயர் அதிர்வெண்ணில் சுழல் மின்னோட்டமும் அதில் வீணாக ஓடாது. அப்படியிருந்தும் ஹெட்டுக்கு அது உடனே வந்துவிடவில்லை. கடினம் மட்டும் போதாது, விளிம்பு நிற்க வேண்டும் என்பதுதான் காரணம்.

கணக்கைப் பாருங்கள். கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது, 10,000 ஹெர்ட்ஸ் ஒலி டேப்பில் எடுத்துக்கொள்ளும் நீளம் 4.76 மைக்ரான். அதைப் படிக்கும் ஹெட்டின் இடைவெளி ஏறத்தாழ ஒரு மைக்ரான். சாதாரணமாகச் சுட்ட ஃபெரைட்டில் அதைவிடப் பெரிய துளைகள் இருக்கும். விளிம்பில் ஒன்று அமைந்தால் அங்கே சில்லு பெயரும், டேப் துகளும் அடையும். துளை மூட சூட்டை ஏற்றினாலோ படிகமணிகள் பெருத்துத் துளைகளைத் தமக்குள்ளேயே விழுங்கிக்கொள்கின்றன. சூட்டோடு அழுத்தத்தையும் கொடுப்பதுதான் இதற்கு வழி: மாங்கனீசு-துத்தநாக ஃபெரைட் தூள், ஆயிரம் டிகிரிக்கு மேல், மணி பெருக்கும் முன்பே இறுகிவிடும். கிராஃபைட் அச்சு ஃபெரைட்டின் ஆக்சிஜனைப் பறித்துவிடும் என்பதால் அலுமினா போன்ற அச்சு வேண்டும். செலவு பிடித்த வேலைதான். மட்சுஷிட்டா தன் டெக்னிக்ஸ் டெக்குகளில் எச்.பி.எஃப். (ஹாட் பிரெஸ்டு ஃபெரைட்) என்று பெருமையாக விளம்பரப்படுத்தியது இந்த ஹெட்டைத்தான்.

விலை மலிந்த டூ-இன்-ஒன்களில் பெர்மலாய்தானே இருந்தது என்று கேட்கலாம். உண்மை, அவை தேய்ந்ததும் அதனால்தான். வலுவான ஆட்சேபம் வேறு: ஃபெரைட் சீக்கிரமே காந்தச் செறிவடைந்துவிடும், அதன் உச்சம் ஏறத்தாழ அரை டெஸ்லாதான். 1979-ஐ ஒட்டி வந்த மெட்டல் டேப்பில் பதிய அது திணறியது. சென்டஸ்ட் உலோகக்கலவை முந்தியது. ஆனால் அந்தக் குறை மெட்டல் டேப் வாங்கியவர்களுக்கு மட்டுமே. சாதாரண ஆக்சைடு கேசட்டுக்கு ஃபெரைட்டின் காந்தம் தாராளம். பின்னாளில் 8 மி.மீ. வீடியோ ஹெட் செய்தவர்களும் ஃபெரைட்டைத் தூக்கி எறியவில்லை. உடலை அதிலேயே வைத்துக்கொண்டு, இடைவெளியின் ஓரத்தில் மட்டும் உலோகத்தைப் பூசினார்கள்.