ஒரு கோழி சோர்ந்தால் கூட்டத்தைப் பாருங்கள்

முதல் கேள்வி

காவலூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது வைணு பாப்பு வானாய்வகம். அதைச் சுற்றியுள்ள சவ்வாது மலைக் குடியிருப்புகளில் வாசலில் மேயும் நாலைந்து கோழிகள்தான் அவசரக் கைச்செலவுக்கான சேமிப்பு. பிள்ளைகளுக்கோ அவை செல்லங்கள். நேற்றுவரை குப்பையைக் கிளறிய கோழி இன்று இறக்கையைத் தொங்கவிட்டுத் தூங்கி நின்றால், “என்ன மருந்து கொடுக்கலாம்?” என்றுதான் வீட்டார் முதலில் கேட்கிறார்கள். அதற்கு விடை தேடும் அந்த ஒரு நாளிலேயே நோய் மற்ற கோழிகளுக்கும் தொற்றிவிடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது மீதிக் கோழிகளை.

ஒன்றா, பலவா?

ஒரே கோழி மட்டும் சோர்ந்து, மற்றவை வழக்கம்போல் மேய்ந்தால் முட்டை அடைப்பு, பாம்புக்கடி, மருந்து தெளித்த தானியம் என்று பல காரணங்கள் இருக்கலாம். குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் கண்டால் அது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல். அதற்கு மருந்து உண்டு, உடனே கொடுத்தால் கேட்கும். ஓரிரு நாளில் அடுத்தடுத்துப் பல கோழிகள் இரை எடுக்காமல் நின்று, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வெள்ளைக்கழிச்சல் என்றே கொண்டு நடப்பது நல்லது. முட்டையிடும் கோழி தோல்முட்டை இடும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். இந்தியாவில் முதலில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இதற்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயர். எந்த அறிகுறியும் காட்டாமல் கோழிகள் கும்பலாகச் செத்தாலோ, கூடவே காக்கைகளும் செத்துக் கிடந்தாலோ பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும். வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

மருந்துக்கு முன் பிரிப்பு

வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. வந்தபின் அதை முறிக்கும் மருந்து இல்லை. மருந்துக்கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக், கூடவே தொற்றும் பாக்டீரியாவைத் தடுக்கலாம், அவ்வளவுதான். “கீழாநெல்லியும் சீரகமும் மஞ்சளும் அரைத்துக் கொடுத்தோம், பிழைத்ததே” என்பார்கள். பிழைத்திருக்கலாம். ஆனால் மருந்தே கொடுக்காத வீடுகளிலும் சில கோழிகள் தப்புவதுண்டு. அதனால் பிழைத்த கோழியை மட்டும் வைத்து மருந்தின் பலனை எடைபோட முடியாது. கைமருந்தை வேண்டாமென்று சொல்லவில்லை. சீக்குக் கோழியைத் தனிக்கூடையில் கவிழ்த்து, அதற்குத் தனித் தண்ணீர்ச் சட்டி வைத்தபிறகு கொடுங்கள். நல்ல கோழிகளுக்கு முதலில் இரை வைத்து, சீக்குக் கோழியிடம் கடைசியில் போங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கழுவாத கையால் கண்ணைத் தொட்டால் மனிதருக்கும் கண் சிவந்து எரியும். செத்ததை ஓடையில் எறிந்தால் நாய் இழுத்து வந்து ஊருக்கே பரப்பும். சுண்ணாம்பு தூவி ஆழப் புதைப்பதே சரி.

“சாகுமுன் விற்றால் போட்ட காசாவது தேறும்” என்ற கணக்கும் உண்டு. வறுமை சொல்லும் கணக்கு அது. கேலி செய்ய முடியாது. ஆனாலும் நோய் ஊர்விட்டு ஊர் போவது இப்படித்தான். சந்தையில் வாங்கியது நன்றாகத் தெரிந்தாலும், நோய் வெளிப்பட இரண்டு நாள் முதல் 15 நாள்வரை ஆகலாம். எனவே புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரமாவது மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

நாட்டுக்கோழிக்குத் தடுப்பூசியா?

நாட்டுக்கோழி தாக்குப்பிடிக்கும் என்ற நம்பிக்கை பல நோய்களுக்குப் பொருந்தும், வெள்ளைக்கழிச்சலுக்குப் பொருந்தாது. ஊசி போட்டதால்தான் செத்தது என்ற குறையிலும் பாதி உண்மை உண்டு: நோய் ஏற்கெனவே உள்ளே புகுந்த கோழிக்கும், குடற்புழு தின்று மெலிந்த கோழிக்கும் ஊசி தாங்காமல் போகலாம். இதற்குத் தீர்வு ஊசியைத் தவிர்ப்பதன்று. ஒரு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுத்து, கோழி நலமாக இருக்கும்போதே போட்டுவிடுவது. எட்டு வாரத்துக்கு மேற்பட்டவற்றுக்கு இறக்கையடியில் ஊசி. குஞ்சுகளுக்கு முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

நியாயமான மறுப்பு ஒன்றுதான்: மலையில் இந்த மருந்து எளிதில் கிடைக்காது. ஒரு குப்பி பல கோழிகளுக்கானது. குளிர்ச்சி விடாமல் கொண்டுவர வேண்டும், கரைத்தபின் ஓரிரு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். நாலு கோழிக்காக அதை உடைக்கத் தயங்குவார்கள். இத்தனைக்கும் தடுப்பு மருந்து தயாரிக்கும் அரசு நிலையம் 1932 முதல் இராணிப்பேட்டையில் இருக்கிறது. 2019 வரை காவலூரும் அதுவும் ஒரே வேலூர் மாவட்டம். பிப்ரவரியில் அரசு நடத்தும் இருவார முகாம் பயன்தான், ஆனால் மார்ச்சில் பொரிந்த குஞ்சுக்கு அது எட்டாது. ஆகவே அடுத்த முகாம்வரை காத்திராமல், அக்கம்பக்கத்து வீடுகளின் கோழிகளையும் சேர்த்து எண்ணிக்கை சொல்லி, அரசு கால்நடை மருந்தகத்தில் ஊசிக்கு ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.